எண்ணெய் மேல் விழுந்த பழி

மதுரைக்கு மேற்கே, சமணர் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. தாமரைக் குளம், கருப்பசாமி கோயில், மேலே செட்டிப்புடவில் ஆயிரம் வருடத்துக்கு முந்திய தீர்த்தங்கரர் சிற்பம். விடுமுறை நாளில் மதுரையிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அந்த வட்டாரத்துச் சாலைகளில் அண்மைக் காலத்தில் மரச்செக்கு எண்ணெய்க் கடைகளைப் பார்க்க முடிகிறது. கடைப் பலகையில் கடலை, எள், தேங்காய் என்று விலைப்பட்டியல். அதற்குக் கீழே, இந்த எண்ணெய் எந்தெந்த நோயை அண்டவிடாது என்று இன்னொரு பட்டியல். இரண்டாவதில் புற்றுநோய் பெரும்பாலும் இடம்பிடித்துவிடும்.

பலகையைக் கேலி செய்துவிட்டுப் போகலாம். ஆனால் வீடுகளுக்குள் நடக்கும் பேச்சும் அதுதான். தெருவில் ஒருவருக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தால் போதும்: "எல்லாம் இந்தப் பாக்கெட் எண்ணெயால வர்றது. எங்க அப்பத்தா காலத்துல ஆட்டுன எண்ணெய்தான். அப்ப இப்படியா வந்துச்சு?" இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. உண்ணும் கொழுப்புக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்று மேற்கத்திய ஆராய்ச்சியாளர்கள் அரை நூற்றாண்டாகக் கேட்டு, கோடிக்கணக்கான டாலரைக் கொட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை செக்கு எண்ணெய்க் கடைக்காரருக்கும் பிடிக்காது, எண்ணெய்யையே தொடாதே என்று மிரட்டும் டயட் ஆலோசகருக்கும் பிடிக்காது.

கதை சுண்டெலிகளிடம் தொடங்குகிறது. 1942இல் சிகாகோவில் ஆல்பர்ட் டானன்பாம் என்ற ஆய்வாளர், கொழுப்புக் கூடுதலாகக் கலந்த தீவனம் தின்ற சுண்டெலிகளுக்கு மார்பகக் கட்டிகள் அதிகமாக வருவதைக் காட்டினார். அதே காலத்தில் அவரே இன்னொன்றையும் காட்டினார்: தீவனத்தின் மொத்தக் கலோரியைக் குறைத்தால் கட்டிகள் குறைந்தன. முதல் கண்டுபிடிப்புதான் பேர் வாங்கியது. இரண்டாவது ரொம்ப நாள் ஓரத்தில் கிடந்தது.

பிறகு வந்தது ஒரு வரைபடம். கனடாவின் கென்னத் கேரல் 1975இல் ஒரு பக்கம் நாடுகளின் தலைக்கு இவ்வளவு கொழுப்பு என்ற கணக்கையும், மறுபக்கம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு விகிதத்தையும் வைத்துப் புள்ளிகளைக் குறித்தார். கீழ் மூலையில் தாய்லாந்து, ஜப்பான்; மேல் மூலையில் நெதர்லாந்து, டென்மார்க், பிரிட்டன். நடுவில் உள்ள நாடுகள் கோடு போட்டதுபோல் வரிசையில் நின்றன. அதே ஆண்டில் பிரிட்டனில் புரூஸ் ஆம்ஸ்ட்ராங்கும் ரிச்சர்ட் டாலும் இதே மாதிரி ஒப்பீட்டை வெளியிட்டார்கள். புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை நிறுவியவர் டால். அப்படிப்பட்டவர் பேர் இருந்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்? ஜப்பானிலிருந்து ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் குடியேறிய குடும்பங்களில், அடுத்த தலைமுறைப் பெண்களுக்கு இந்த நோய் கூடியதும் தெரியவந்தது. மரபணு மாறவில்லை, சாப்பாடு மாறியது. ஆகவே சாப்பாடுதான் காரணம் என்று முடிவு கட்ட எல்லாம் தோதாக இருந்தது.

அந்த வரைபடத்தை நிதானமாகப் பார்த்தால் இரண்டு இடங்கள் உறுத்தும். நாட்டுக் கணக்கில் வரும் கொழுப்பு, சந்தைக்கு வந்த கொழுப்பு. வயிற்றுக்குள் போனது எவ்வளவு, குப்பைக்குப் போனது எவ்வளவு என்று அது சொல்லாது. இன்னொன்று, கேரலே கவனித்தது: விலங்குக் கொழுப்பைத் தனியாக எடுத்தால்தான் புள்ளிகள் வரிசையில் நின்றன, தாவர எண்ணெய்யைத் தனியாக எடுத்தால் வரிசை கலைந்துவிட்டது. விலங்குக் கொழுப்பு அதிகம் தின்னும் நாடு எது? பணக்கார நாடு. அங்கே பெண் பிள்ளைகள் ஊட்டமாக வளர்ந்து உயரமாகிறார்கள், சின்ன வயதிலேயே பூப்பெய்துகிறார்கள், படித்து வேலைக்குப் போய்ப் பிந்திக் கல்யாணம் செய்கிறார்கள், ஒன்றிரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொள்கிறார்கள், மாதக் கணக்கில் பால் கொடுப்பதில்லை. இவை ஒவ்வொன்றும் மார்பகத்தின்மேல் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் படும் காலத்தையோ, அதைத் தாங்கும் திறனையோ மாற்றுகின்றன. வெண்ணெய் அந்த வாழ்க்கையின் ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

இதை முதலில் கண்டவர் வெண்ணெய்யைப் பற்றி யோசிக்கவே இல்லை. இத்தாலியின் பெர்னார்டினோ ரமஸ்ஸினி 1713இலேயே, கன்னிகாஸ்திரீகளுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று எழுதிவைத்தார். மடத்துச் சாப்பாட்டில் கொழுப்பு வழிந்தோடியிருக்காது. நம் நாட்டில் 1960களில் தொடங்கிய மும்பைப் புற்றுநோய்ப் பதிவேடு வேறொரு விதத்தில் இதையே காட்டியது. டி. ஜே. ஜுஸ்ஸாவாலா சமூக வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பார்சிப் பெண்களிடம் இந்த நோய் மற்றவர்களைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தது. அதே ஊர், அதே கடல்காற்று. ஆனால் பார்சிப் பெண்கள் மற்றவர்களுக்கு முன்பே படித்தவர்கள், பிந்தி மணந்தவர்கள், குறைவாகப் பெற்றவர்கள். 2002இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கூட்டாய்வு இதற்கு எண் கொடுத்தது: ஒவ்வொரு பிரசவத்துக்கும் நோய் வரும் வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது, தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மேலும் 4.3 சதவீதம். உணவில் இவ்வளவு உறுதியாக நிற்கும் எண்ணைத் தேடிப்பிடிப்பது கஷ்டம்.

நாடுகளை விட்டுவிட்டு ஆட்களிடம் கேட்கலாம் என்று அடுத்து இறங்கினார்கள். அமெரிக்க நர்ஸுகள் ஏறத்தாழ 89,500 பேரை நான்கு வருடம் தொடர்ந்த வால்ட்டர் வில்லெட்டின் குழு 1987இல் முடிவைச் சொன்னபோது உணவு ஆராய்ச்சி உலகமே துள்ளி எழுந்தது: கொழுப்பு அதிகம் தின்றவர்களுக்கும் குறைவாகத் தின்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 1996இல் ஏழு நீண்டகால ஆய்வுகளின் 3,37,819 பெண்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதிலும் இல்லை. கலோரியில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே கொழுப்பு தின்ற சிறு பிரிவினருக்குக்கூட எந்தப் பாதுகாப்பும் தென்படவில்லை.

எதிர்த்தரப்பு ஒன்று சொன்னது, நியாயமாகவே சொன்னது: நீங்கள் அளந்த விதமே சரியில்லை. நர்ஸுகளுக்குக் கொடுத்த முதல் கேள்வித்தாளில் 61 உணவுகள். இதை மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடுவீர்கள், வாரத்துக்கு எத்தனை முறை என்று டிக் அடிக்க வேண்டும். யாருக்கு நினைவிருக்கும்? 2003இல் ஷீலா பிங்கம் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிப் பெண்களிடம் கேள்வித்தாளையும் கொடுத்தார், அன்றன்றைக்குத் தின்றதை எழுதும் டயரியையும் கொடுத்தார். டயரிக் கணக்கில் நிறைவுற்ற கொழுப்புக்கும் நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. அதே பெண்களின் கேள்வித்தாள் கணக்கில் அந்தத் தொடர்பு மங்கிப்போனது.

இந்தச் சிக்கல் நம் அடுப்படியில் இன்னும் மோசம். மேலைநாட்டில் ஒருவர் வெண்ணெய் தடவிய ரொட்டியை எண்ணிவிடலாம். இங்கே எண்ணெய் யாருடைய தட்டிலும் தனியாக வருவதில்லை. ஒரே சட்டியில் தாளித்த குழம்பு அஞ்சு பேருக்குப் போகிறது. அப்பளம் பொரித்த எண்ணெய் மறுநாள் வெங்காயம் வதக்கப் போகிறது. கறிக்குழம்பின் மேலே மிதக்கும் எண்ணெய் முதலில் ஊற்றிக்கொள்கிறவருக்குக் கிடைக்கிறது. வீட்டில் பெரும்பாலும் கடைசியாகச் சாப்பிடும் பெண்ணுக்கு அடியில் கிடக்கும் மசாலா. ஆகவே ஆய்வாளர்கள் "மாசத்துக்கு எத்தனை பாக்கெட் வாங்குவீங்க?" என்று கேட்டுத் தலைக்குப் பங்கிடுகிறார்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் மாதம் 4 லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம். ஆனால் நிதி ஆயோக்கின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியர் தலைக்கு வருடத்துக்கு 19.7 கிலோ எண்ணெய். நாளுக்கு 54 கிராம். மிச்ச 24 கிராம் எங்கே? பஸ் ஸ்டாண்டு வடைச் சட்டியில், பேக்கரி பப்ஸில், முறுக்குப் பாக்கெட்டில், விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவில் இருக்கலாம். ஒரு பகுதி கொட்டப்பட்டும் இருக்கலாம். எவ்வளவு எண்ணெய் சேர்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டால் எந்தப் பெண்ணும் அதைக் கணக்கில் சொல்லமாட்டார். கேட்ட கேள்வி சமையலறையைப் பற்றியது என்றுதானே நினைப்பார்?

இப்படி நினைவை நம்பி அளக்கும்வரை சண்டை ஓயாது என்பதால், ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவுக்குக் கொழுப்பைக் குறைத்துவிடுவோம் என்ற துணிச்சலுக்கு அமெரிக்க அரசு வந்தது. உணவு ஆராய்ச்சியில் அதற்கு முன் இவ்வளவு பெரிய காரியத்தில் யாரும் இறங்கியதில்லை. பெண்கள் நல முன்னெடுப்பு என்ற அந்தத் திட்டத்தின் உணவுப் பிரிவில், 1993 முதல் 1998 வரை, மாதவிடாய் நின்ற 50 முதல் 79 வயதுப் பெண்கள் 48,835 பேர் சேர்க்கப்பட்டார்கள். 19,541 பேருக்குக் கொழுப்பைக் கலோரியில் 20 சதவீதத்துக்குக் குறைக்கப் பயிற்சி: முதல் வருடத்தில் மட்டும் 18 குழுக் கூட்டங்கள், பிறகு வருடத்துக்கு நாலு. மற்ற 29,294 பேர் வழக்கம்போல் சாப்பிட்டார்கள். உணவுப் பிரிவுக்கு மட்டும் சுமார் 41.5 கோடி டாலர் செலவு என்று பத்திரிகைகள் எழுதின.

2006 பிப்ரவரியில் முடிவு வந்தது. சராசரி 8.1 வருடத்தில், கொழுப்பைக் குறைத்த குழுவில் 655 பேருக்கு நோய்; அதாவது 3.35 சதவீதம். குறைக்காத குழுவில் 1,072 பேர், 3.66 சதவீதம். விகிதத்தில் 9 சதவீதக் குறைவு. ஆனால் தற்செயலாலும் இவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதால் புள்ளியியல் இதை வெற்றி என்று ஏற்கவில்லை. மறுநாள் தலைப்புச் செய்தி: கொழுப்பைக் குறைத்துப் பயனில்லை.

நான் இந்த ஆய்வின் உள்விவரத்தைப் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். மூன்று விஷயங்களைத் தலைப்புச் செய்தி விழுங்கிவிட்டது. ஒன்று, 20 சதவீதத்தை அந்தப் பெண்கள் எட்டவேயில்லை. முதல் வருடம் 24 சதவீதத்துக்கு வந்தார்கள். ஆறாம் வருடம் 29க்கு ஏறிவிட்டார்கள். மற்ற குழு 35க்கும் 37க்கும் நடுவில் இருந்தது. இரண்டு, கணக்கு அங்கே முடியவில்லை. ஏறத்தாழ இருபது வருடம் தொடர்ந்து பார்த்தபோது, மார்பகப் புற்றுநோயால் இறப்பது கொழுப்பைக் குறைத்த குழுவில் 21 சதவீதம் குறைந்திருந்தது. நோய் வருவதைத் தடுக்காத உணவு, வந்த நோய் கொல்வதைக் கொஞ்சம் தடுத்திருக்கலாம் என்று இதை வாசிக்கலாம். மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். ஏற்கெனவே கலோரியில் 32 சதவீதத்துக்குக் குறைவாகக் கொழுப்பு தின்கிறவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நாடு தழுவிய ஆய்வின் உணவுக் கணக்கு 2025இல் வெளிவந்தது. இந்தியர் உணவில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. கொழுப்பு 25 சதவீதம் அளவில். அமெரிக்கப் பெண்கள் 18 கூட்டம் போட்டு, டயட் நிபுணரை வைத்து, ஒரு வருடம் முக்கி முனகி எட்டிய இடத்தில் நம் சராசரிப் பெண் பிறந்ததிலிருந்தே உட்கார்ந்திருக்கிறார். கீழக்குயில்குடிப் பெண் ஒருவர் அந்த அமெரிக்க ஆய்வில் சேர விண்ணப்பித்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் நோய் இங்கே வந்துகொண்டுதான் இருக்கிறது. 2022இல் இந்தியாவில் புதிதாக 1,92,020 பேருக்கு மார்பகப் புற்றுநோய், 98,337 சாவு என்பது உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பின் மதிப்பீடு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் சென்னைப் பதிவேட்டில், கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் பெண்களுக்கு முதலிடம் என்ற நிலை 2000களின் தொடக்கத்தில் மாறி, மார்பகம் முந்திவிட்டது. மதுரைக்கு வடக்கே, திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாக வைத்து நடந்த கிராமப்புறப் பதிவேட்டில் அப்போதும் கருப்பைவாய்தான் முன்னால். சென்னைக்கும் திண்டுக்கல்லுக்கும் எண்ணெய்யில் அப்படி என்ன வித்தியாசம்? இரண்டு இடத்திலும் கடலை எண்ணெய்யும் ரேஷன் பாமாயிலும்தான்.

அப்படியானால் எண்ணெய்யின் வகையாவது பொருட்டா? இங்கே இரண்டு கட்சிக்காரருக்கும் ஆளுக்கொரு ஆய்வு கிடைக்கும். எலிகளில் கட்டியைத் தூண்டியது பெரும்பாலும் சோள எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மாதிரி லினோலெயிக் அமிலம் நிறைந்தவை. தேங்காய் எண்ணெய் மட்டும் கொடுத்த எலிகளுக்குக் கட்டி குறைவு. அதோடு 3 சதவீதம் லினோலேட் சேர்த்ததும் கூடியது. தேங்காய் எண்ணெய்க் கட்சி இதைப் பிடித்துக்கொள்ளலாம். மறுபக்கம், ஐரோப்பாவில் 3,37,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்த எபிக் ஆய்வு, நிறைவுற்ற கொழுப்பை அதிகம் தின்றவர்களுக்கு ஹார்மோன் சார்ந்த வகை மார்பகப் புற்றுநோய் 28 சதவீதம் கூடுதல் என்று 2014இல் சொன்னது. தேங்காய் எண்ணெய்யில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் எதிர்க்கட்சி இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வில் ஆலிவ் எண்ணெய் கொடுத்த குழுவுக்கு நோய் வெகுவாகக் குறைந்தது என்று 2015இல் செய்தி வந்தது. 4,152 பெண்களில் மொத்தமே 35 பேருக்குத்தான் நோய் வந்திருந்தது. 35 பேரை மூன்று குழுவாகப் பங்கிட்டுவிட்டு எண்ணெய் வியாபாரம் செய்யக் கூடாது.

செக்கு எண்ணெய் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். கறிவேப்பிலை போட்டு வதக்கும்போது வரும் வாசனைக்குப் பாக்கெட் எண்ணெய் கிட்டே வர முடியாது. சூடேற்றிச் சுத்திகரிக்காததால் எள்ளின் செசாமின் போன்ற பொருட்கள் கூடுதலாகத் தங்கும். ஆனால் கொழுப்பு அமிலத்தின் கணக்கில் செக்கு ஒன்றையும் மாற்றுவதில்லை. நல்லெண்ணெய் எங்கே ஆட்டினாலும் ஏறத்தாழ 40 சதவீதம் ஒலெயிக், அதே அளவுக்கு லினோலெயிக், மிச்சம் நிறைவுற்றது. கிராமுக்கு 9 கலோரி, செக்கிலும் அதே, மில்லிலும் அதே, ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு விற்கும் பாமாயிலிலும் அதே. கவலைப்பட வேண்டியது வடைக்கடைச் சட்டியைப் பற்றி. காலையில் மஞ்சளாக ஊற்றிய எண்ணெய் சாயங்காலம் தேன் நிறத்தைத் தாண்டிக் கருத்து, ஓரத்தில் நுரை கட்டி நிற்கும். தீர்ந்ததற்கு மேலே புது எண்ணெய்யை ஊற்றிச் சட்டியை நிரப்புவார்கள். அதில் சேரும் கெட்டுப்போன பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் வரம்பு வைத்தது. வனஸ்பதியின் டிரான்ஸ் கொழுப்பை 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்துக்குள் அடக்கியது. இரண்டும் முதலில் இதயத்துக்காகச் செய்தவை. மார்பகத்துக்கும் அதில் நன்மை இருந்தால் இலாபம்.

அசைவம் பற்றியும் கேட்பார்கள். இங்கிலாந்தில் வாழும் இந்தியத் துணைக்கண்டப் பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று, வாழ்நாள் முழுக்கச் சைவமாக இருந்ததால் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை என்றது. காய்கறியும் பருப்பும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவாக இருந்தது. கறி தின்னாததால் மட்டும் புண்ணியம் சேர்வதில்லை.

தட்டில் உள்ள கொழுப்பைவிட உடம்பில் உள்ள கொழுப்புதான் இந்த வழக்கில் உறுதியாகச் சிக்கியது. மாதவிடாய் இருக்கும்வரை பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் சினைப்பையிலிருந்து வருகிறது. அது நின்றபின், கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி, அட்ரினல் சுரப்பி விடும் ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றித் தருகிறது. திசு கூடக்கூட இந்த உற்பத்தியும் கூடும். பருமனோடு ஏறும் இன்சுலினும் செல்களைப் பெருக்கத் தூண்டும். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2018இல் எல்லாச் சான்றையும் எடைபோட்டபோது, உண்ணும் கொழுப்பைப் பற்றி முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. மாதவிடாய் நின்ற பெண்ணின் உடல் பருமனைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லை என்றது. உடல் நிறைக் குறியீட்டெண் 5 கூடினால் ஆபத்து 12 சதவீதம் கூடுகிறது. 2016இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் இதே முடிவுக்குத்தான் வந்திருந்தது.

நோய் வந்த பெண்களிடம் நடந்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் துலங்கும். 2,437 பேர் பங்கேற்ற ஓர் அமெரிக்க ஆய்வில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. அவர்கள் எடையும் மற்ற குழுவைவிட மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. 3,088 பேர் பங்கேற்ற இன்னொன்றில் காய்கறியை அள்ளிக் கொடுத்தார்கள், கொழுப்பையும் குறைக்கச் சொன்னார்கள், எடை மாறவில்லை, பயனும் இல்லை. டானன்பாமின் பட்டினி எலிகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தென்னிந்தியாவுக்கு இதில் சொந்தச் சான்று உண்டு. 2002க்கும் 2005க்கும் இடையே சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நோயாளிகள் 1,800க்கும் மேற்பட்டோரையும், அதே எண்ணிக்கையில் நோயற்றவர்களையும் அளந்து பார்த்தார்கள். இடுப்புச் சுற்றளவு 85 சென்டிமீட்டரைத் தாண்டிய, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஆபத்து தெளிவாகக் கூடுதலாக இருந்தது. நகரத்துப் பெண்களிடம் பருமன் கிராமத்தைவிட அதிகம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பருமனான பெண்கள் 2015–16இல் 30.9 சதவீதம், 2019–21இல் 40.4 சதவீதம். ஐந்தே வருடத்தில் இந்த ஏற்றம்.

கொழுப்பு அதிகம் தின்னாத பெண்ணுக்கு இடுப்பு எப்படிப் பெருக்கிறது? அந்த 62 சதவீத மாவுச்சத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை: மூன்றும் அரிசி. நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகும் உடம்புக்கு அந்தச் சோறு போதாமல்கூடப் போகலாம். அதே சோறு, மகள் நாகமலைப் புதுக்கோட்டையில் வீடு வாங்கி, கணினி முன்னால் எட்டு மணிநேரம் உட்கார்ந்து, ஸ்கூட்டியில் போய்வரும்போது இடுப்பில் தங்குகிறது. தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கிவிடும். அதற்கு எண்ணெய் ஒரு சொட்டும் தேவையில்லை. 30 கிராம் எண்ணெய்யின் 270 கலோரியை மிச்சம் பிடிப்பதற்காகத் தாளிதத்தைக் குறைத்துவிட்டு, இரண்டு கரண்டி சோறு கூடப் போட்டுக்கொள்ளும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் எண்ணெய்யைக் குறை என்று மட்டும் சொல்லி அனுப்பும் மருத்துவர் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

பருமன் மேல் எல்லாவற்றையும் போட்டுவிடவும் கூடாது. இந்தியாவில் இந்த நோய் மேலைநாட்டைவிட ஏறத்தாழ பத்து வருடம் முன்பே வருகிறது. பாதிப் பேருக்கு மாதவிடாய் நிற்பதற்கு முன்போ அதை ஒட்டியோ. அந்த வயதில் பருமனின் பங்கு தெளிவாக இல்லை. மேலைநாட்டுக் கணக்கில் இளவயதில் ஒல்லியாக இருப்பவருக்குத்தான் ஆபத்து சற்றுக் கூடுதல் என்றுகூட வருகிறது. நம் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வருவது ஹார்மோனுக்குக் கட்டுப்படாத, மும்மை எதிர்மறை என்று சொல்லப்படும் கடுமையான வகை. அதற்கும் அரோமட்டேஸுக்கும் சம்பந்தம் குறைவு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 2019–21 கணக்கெடுப்பிலேயே 1.8 என்று ஆகிவிட்டிருந்ததன் பங்கு இந்த நோய் கூடுவதில் உண்டு. அதற்காக ஆறு பெறுங்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை, சொல்லவும் கூடாது. அப்பத்தா காலத்தில் இந்த நோய் குறைவாகத் தெரிந்ததற்கு ஆட்டிய எண்ணெய்யைவிட, அப்பத்தா எட்டுப் பெற்றதும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடம் பால் கொடுத்ததும்தான் பொருத்தமான காரணம். அறுபது வயதைத் தாண்டியவர்கள் அன்று குறைவு என்பதும், மார்பில் வந்ததைக் கணவனிடம்கூடச் சொல்லாமல் செத்தவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்பதும் அதோடு சேரும்.

சொல்லாமல் இருப்பது இன்றைக்கும் இருக்கிறது. 2019–21 கணக்கெடுப்பில், மார்பகப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்ட பெண்கள் நாடு முழுக்க 0.9 சதவீதம்; தமிழ்நாட்டில் 5.6. நாட்டிலேயே முன்னணியில் இருக்கும் மாநிலத்தின் நிலை இது. இதைச் செய்ய மேமோகிராம் இயந்திரம் ஊர் ஊருக்கு வேண்டியதில்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையாலேயே மார்பகத்தைச் சோதித்தார்கள். இருபது வருடத்துக்குப் பின் 2021இல் வந்த முடிவு: 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்த நோயால் இறப்பது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 41.5 கோடி டாலரில் உணவை மாற்றிக் கிடைத்ததைவிட இது பெரிய பலன். கிராமத்துப் பெண்கள் வரமாட்டார்கள் என்று சொல்பவர்களுக்குத் திண்டுக்கல்லே பதில்: அங்கே 2000ஆம் ஆண்டு தொடங்கிய கருப்பைவாய்ச் சோதனைத் திட்டத்தில், பயிற்சி பெற்ற நர்ஸுகள் வினிகர் தடவிப் பார்த்தே சாவை 35 சதவீதம் குறைத்தார்கள்.

50 வயதுக்குக் கீழே மும்பையின் கைச்சோதனை சாவைக் குறைக்கவில்லை. நம் நோயாளிகளில் பாதிப் பேர் அந்த வயதில் இருப்பவர்கள். அவர்கள் விஷயத்தில் இப்போதைக்குக் கையில் இருப்பது, கட்டி கண்ட வாரமே காட்டுவது. அங்கேதான் வழக்கமான தடங்கல் வருகிறது: இந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. "வலிக்கலையே, அதான் விட்டுட்டேன்" என்ற பதில் புற்றுநோய்ச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கெல்லாம் பழகிப்போனது. அந்த வாக்கியத்தைச் சொல்லும் பெண்ணின் வீட்டில் ஆறு மாதமாகச் செக்கு எண்ணெய்தான் புழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டி வளர அந்த ஆறு மாதம் போதும்.